நீலகிரி மலை ரயிலைப் படமெடுக்கப் போகிறவர்கள் இடத்தேர்வில் செய்யும் தவறுகள்

நீராவி எஞ்சினைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போகாதீர்கள். முதல் தடவை நான் போய் நின்றது கேத்தி பள்ளத்தாக்கில். பனி விலகி, கீழே காய்கறித் தோட்டங்கள் தெரிய ஆரம்பித்த நேரத்தில் ரயிலும் வந்தது. ஆனால் வந்தது டீசல் எஞ்சின். ஊட்டி வரை போகும் 46 கிலோமீட்டர் பாதையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் அன்றாட ரயிலுக்கு நீராவி எஞ்சின். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் அழகான இடங்கள்தான். ஆனால் சிறப்பு ரயில் ஏதாவது விட்டால் ஒழிய அங்கே புகையைப் பார்க்க முடியாது. வெலிங்டனில் ராணுவ வளாகமும் அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதால் அந்தப் பக்கம் கேமராவை எங்கே திருப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும்.

சரி, கீழ்ப்பகுதிக்கே வந்துவிட்டீர்கள். அடுத்து நடப்பதுதான் எனக்கு எப்போதும் மனசு வலிக்கிற தவறு. ஒரு வளைவில் ஆட்கள் காத்திருப்பார்கள். ரயிலின் முகப்பு தெரிந்ததும் படபடவென்று கேமராவை அழுத்துவார்கள். முதல் பெட்டி கடந்ததும் கேமராவைக் கீழே இறக்கிவிடுவார்கள். எஞ்சின் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும்! இந்தப் பாதையில் மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முகப்பில் இருப்பது ஒரு பெட்டிதான். அதன் முன்மேடையில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார்.

இதற்குக் காரணம் சரிவு. கல்லாரிலிருந்து குன்னூர் வரை பாதை சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏறுகிறது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த கம்பிகளைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். ஏதாவது பெட்டி கழன்றாலும் கீழே உருண்டுவிடாமல் தாங்க, எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது கடைசியில், இறங்கும்போது முதலில்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினின் புகைபோக்கி மேட்டைப் பார்த்திருக்கும், அதாவது பெட்டிகளை ஒட்டி. ஓட்டுநர் நிற்கும் பக்கம் பள்ளத்தைப் பார்த்திருக்கும். சரிவில் கொதிகலனின் தண்ணீர் நெருப்பு எரியும் அறைப் பக்கம் தேங்கி, அந்த அறையின் மேல்தகடு காயாமல் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே, புகைபோக்கியும் வட்ட முகமும் முன்னால் தெரிய, பின்னால் பெட்டிகள் வரிசையாக வரும் அந்தக் காலண்டர் படத்தை இந்த மலைச்சரிவில் எங்கே நின்றாலும் எடுக்க முடியாது. அதற்காக இடம் தேடி அலைந்து ஒரு நாளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். இங்கே கிடைப்பது வேறு படம். ரயில் உங்களைக் கடந்து மேலேறிப் போகும்போது, பள்ளத்துப் பக்கத்திலிருந்து, எஞ்சின் தன் முழு பலத்தோடு தள்ளிப் போவதை எடுங்கள். வளைவின் வெளிப்பக்கமாக நின்றால் பெட்டிகள் மேலே வளைந்து போவதும், கீழே எஞ்சின் முக்கித் தள்ளுவதும் ஒரே படத்துக்குள் வந்துவிடும்.

வெளிச்சமும் இதற்கே ஒத்துழைக்கிறது. பாதை பெரும்பாலும் வடமேற்காக ஏறுகிறது. காலை 7.10 மணி வாக்கில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ரயிலைக் கீழ்ப்பக்கம் நின்று எடுத்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் எஞ்சின் மீது நேராக விழும். மாலையில் இறங்கும் ரயிலில் எஞ்சின் முன்னால் வருகிறதே, அதை எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குன்னூரிலிருந்து அது கிளம்பவே மூன்று மணி தாண்டிவிடும். அதற்குள் மேற்கே இருக்கும் மலையின் நிழல் பாதையில் பல இடங்களை மூடிவிடும். இறங்கும்போது எஞ்சின் உழைப்பதும் குறைவு, புகையும் குறைவு. ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் காலை ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

பின்னணியில் வானம் வரும்படி இடம் பார்ப்பது அடுத்த தவறு. வெள்ளை ஆவி வெளுத்த வானத்தில் கரைந்துவிடும். கரும்பச்சைக் காடோ ஈரப்பாறையோ பின்னால் இருந்தால் அதே ஆவி சுருள் சுருளாகத் தனித்துத் தெரியும். காற்றின் குளிர்ச்சியையும் கணக்கில் எடுங்கள். ஆவி கண்ணுக்குத் தெரிவதே குளிர்ந்த காற்றில் அது நுண்துளிகளாக மாறும்போதுதான். சமவெளி வெயிலில், கல்லார் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே, அது வெளிவந்த வேகத்தில் மறைந்துவிடும். மேலே ரன்னிமேடு பக்கம் போனால் அதே எஞ்சின் மேகத்தையே விட்டுச் செல்வதுபோல் இருக்கும். இப்போது ஓடும் எஞ்சின்கள் பெரும்பாலும் எண்ணெயில் எரிபவை. 2011க்குப் பிறகு பொன்மலைப் பணிமனையில் செய்யப்பட்டவையும் இவற்றில் உண்டு. அதனால் எந்நேரமும் கரும்புகையை எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

மெதுவாகத்தானே போகிறது, காரில் துரத்திக்கொண்டே நாலு இடத்தில் எடுத்துவிடலாம் என்ற எண்ணமும் ஏமாற்றும். பல்சக்கரப் பகுதியில் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர்தான், உண்மை. ஆனால் கல்லாரைத் தாண்டியதும் சாலையும் பாதையும் தனித்தனியே காட்டுக்குள் ஏறுகின்றன. அடர்லி, ஹில்குரோவ் பக்கம் சாலையிலிருந்து சுலபமாக இறங்கிப் போய் நிற்க முடியாது. கோடை சீசனில் குன்னூர் சாலையை ஏறும் வண்டிகளுக்கு மட்டும் ஒருவழியாக்கி, இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியே அனுப்புவது வழக்கம். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் திரும்பிவர முடியாது. ஓரிடம் கீழே, ஓரிடம் மேலே என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலிடத்துக்கு ரன்னிமேடு நிலையத்தை ஒட்டியுள்ள காட்டேரி பூங்கா வசதி. வாகனம் நிறுத்தலாம், பின்னணியும் பச்சை, தண்டவாளத்தில் இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

தண்டவாளத்தில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல கோணம் தேடிப் பாதையில் நடந்துபோவதை ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் யானைகள். கல்லார் பகுதி அவற்றின் வழித்தடம். மொத்தம் 16 குகைப்பாதைகள் இருக்கின்றன. உள்ளே மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடமிருக்காது. காட்டுக்குள் ஏறி இடம் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. அந்த ஆசைக்கு ஒரே சரியான வழி, முதல் நாள் டிக்கெட் எடுத்து ரயிலிலேயே போவதுதான். கிலோமீட்டர் கற்களைப் பார்த்து, எங்கே வளைவு, எங்கே பாலம், எங்கே எதிரே சாலை தெரிகிறது என்று குறித்துக்கொண்டே போகலாம். சாலையிலிருந்து பாதை தெரியும் இடங்களும் அப்போதுதான் பிடிபடும். அங்கிருந்து நீண்ட லென்ஸ் போட்டு எடுக்கலாம்.

அப்படிப் போகும்போது ஏறுகிற ரயிலில் கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லாரும் டீக்கும் குரங்குகளுக்கும் போய்விடுவார்கள். நடைமேடையிலேயே இருந்து அந்தச் சில நிமிடங்களை எஞ்சினுக்குக் கொடுங்கள். தண்ணீர்க் குழாய், எண்ணெய் விடும் கை, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைச் சிலிண்டர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குன்னூரில் எஞ்சின் தனியாகக் கழன்று பணிமனைப் பக்கம் போகும் நேரத்தில்தான் அந்தப் புகைபோக்கி முகம் மறைப்பில்லாமல் வெளியே தெரியும். காலண்டர் படம் வேண்டுமென்றால் அங்கே காத்திருங்கள்.

மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயிலை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் காற்றும் குளிர், வானமும் தெளிவு. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, ரயில் ஓடுகிறதா என்று மேட்டுப்பாளையம் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் போக இ-பாஸ் கேட்கிறார்கள், அதையும் அன்றே எடுத்துவைத்துவிட்டால் காலையில் சோதனைச்சாவடியில் நிற்கும்போது ரயில் உங்களை முந்திப் போகாது.