பிராக் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: முதலில் அந்தப் பணம் மாற்றும் கடை

போன கோடையில் ஒரு மதியம் என் தங்கை மகன் ஒரு படம் அனுப்பினான். செக் குடியரசின் தலைநகரான பிராகின் பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் பணம் மாற்றிய ரசீது அது. "கமிஷன் 0% என்று எழுதியிருந்தார்கள், பெரியம்மா. ஆனால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது" என்று கீழே ஒரு வரி. ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2016இல் அதே சதுக்கத்தின் பக்கத்தில், அதைப் போன்ற ஒரு கண்ணாடிக் கூண்டின் முன் நின்று நான் ஏமாந்த அதே கணக்கு.

நான் இருப்பது ஜெர்மனியின் டிரெஸ்டனில். பிராகுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு முறையாவது அங்கே அழைத்துப் போய்விடுவேன். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், குளிருக்குத் துணி எடுங்கள் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒவ்வொருவரும் புதிதாகச் செய்வதாக நினைத்துச் செய்கிற பழைய தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

'0% கமிஷன்' பலகையை நம்புவது

செக் குடியரசு 2004இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் அங்கே யூரோ புழங்குவதில்லை, கொருனாதான். நம்மவர்கள் பாரிஸ், வியன்னா என்று சுற்றிவிட்டுப் பை நிறைய யூரோவுடன் பிராகில் இறங்குகிறார்கள். விலைச்சீட்டைப் பார்த்ததும் திகைத்து, கண்ணில் படுகிற முதல் பணம் மாற்றும் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இழப்பு அந்தப் பதற்றத்தில்தான் தொடங்குகிறது.

நான் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். அம்மாவும் அத்தையும் பசியோடு நின்றார்கள். கடைவாசல் பலகையில் ஒரு யூரோவுக்கு 27 கொருனாவை ஒட்டிய எண் பெரிதாக இருந்தது, பக்கத்தில் '0%'. அன்றைய சந்தை விலையும் அதுதான். 200 யூரோவை நீட்டினேன். 5,400 கொருனா வர வேண்டிய இடத்தில் 3,800தான் வந்தது. தவறாக எண்ணிவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். கூண்டுக்குள் இருந்தவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பலகையின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். பெரிய எழுத்தில் இருந்தது அவர்கள் யூரோவை விற்கும் விலை. என் போன்றவரிடமிருந்து யூரோவை வாங்கும் விலை 19. கமிஷன் உண்மையிலேயே எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. ஏறத்தாழ 60 யூரோ, இரண்டு நிமிடத்தில் போயிற்று. மூன்று பேரின் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு அது. அன்று மாலை முழுவதும் அம்மா எதைக் கேட்டாலும் "வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பணம் போனதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே இதை மனதில் வையுங்கள். பலகையில் இரண்டு பத்திகள் இருக்கும். 'நாகுப்' என்றால் கடை வாங்கும் விலை. 'ப்ரொதெய்' என்றால் கடை விற்கும் விலை. யூரோவையோ டாலரையோ கொண்டுபோய்க் கொடுக்கிற நமக்கு 'நாகுப்' பத்தி மட்டுமே கணக்கு. மற்றதைப் பார்க்கவே வேண்டாம். போகும் முன் செக் தேசிய வங்கி அன்றாடம் வெளியிடும் விலையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம், "100 யூரோ கொடுத்தால் என் கைக்கு எத்தனை கொருனா வரும்?" என்று கேட்டு, தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். நோட்டு உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சு எடுபடும்.

என் தங்கை மகன் செய்யத் தவறியதும் இதைத்தான். 300 யூரோ கொடுத்திருக்கிறான். யூரோ 25 கொருனாவை ஒட்டியிருந்த நேரத்தில், 20 வீதம் 6,000 வாங்கி வந்திருக்கிறான். 1,500 கொருனா நட்டம். ஆனால் அவனுக்கு வாய்த்த ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பணமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள், காரணம் எதுவும் சொல்லாமல், அதே கடையில் ரத்து செய்யலாம். அதற்கு ரசீது வேண்டும்; வாங்கிய கொருனா குறையாமல் இருக்க வேண்டும்.

உடனே அவனை அழைத்தேன். "எத்தனை மணிக்கு மாற்றினாய்?"

"பதினொன்று இருபது, பெரியம்மா."

அப்போது மணி ஒன்று பத்து. "எதையும் வாங்காதே, ஒரு தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம். நேரே அந்தக் கடைக்குப் போ" என்றேன். முதலில் இருந்த பெண் முடியாது என்று தலையசைத்தாராம். இவன் ரசீதைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டம் இருக்கிறது, மூன்று மணி நேரம் என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். பின்னால் வரிசை நீண்டதும் உள்ளே இருந்து இன்னொருவர் வந்து 300 யூரோவையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். இந்தக் கடைகளை மேற்பார்வை செய்வது செக் தேசிய வங்கி. அதன் பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் வாக்குவாதம் சுருங்கிவிடும்.

இன்று நான் பணம் மாற்றுவதே இல்லை. டிராமிலிருந்து சிற்றுண்டிக் கடைவரை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அட்டை செல்லும். சந்தைக் கடைகளுக்கும் கழிப்பறைக்கும் கொஞ்சம் சில்லறை போதும்.

பணம் எடுக்கும் இயந்திரம் கேட்கும் கேள்விக்கு 'சரி' சொல்வது

சுற்றுலா வீதிகளில் தனியாக நிற்கும் இயந்திரங்கள், "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கழித்துக்கொள்ளவா?" என்று கேட்கும். உதவி போலத் தோன்றும் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்றே அழுத்துங்கள். சம்மதித்தால் மாற்று விலையை அந்த இயந்திரத்தின் உரிமையாளரே தீர்மானிப்பார். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் இயந்திரமாகப் பார்த்துப் பணம் எடுப்பது நல்லது.

தெருவில் ஒருவர் நல்ல விலை தருவதாக அழைத்தால்

நடந்துகொண்டே இருங்கள். கையில் பல்கேரியாவின் செல்லாத பழைய நோட்டுதான் வரும்.

டிக்கெட் வாங்கிவிட்டு முத்திரை குத்தாமல் ஏறுவது

காகித டிக்கெட்டை வாங்கியதோடு வேலை முடியவில்லை. மெட்ரோ நுழைவிலும் டிராம், பஸ்ஸுக்குள்ளும் மஞ்சள் நிறத்தில் சிறிய இயந்திரம் இருக்கும். அதில் செருகி நேரம் பதிய வேண்டும். அந்த நொடியிலிருந்துதான் 30 அல்லது 90 நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கும். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் பலர் நேரே நடந்து இறங்கிவிடுகிறார்கள். பரிசோதகர்கள் சாதாரண உடையில், படிக்கட்டின் அடியில் நிற்பார்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான். என் மாமனார் ஒரு முறை டிக்கெட்டைச் சட்டைப் பையில் புத்தம் புதிதாக வைத்திருந்தார், கசங்கிவிடக் கூடாதாம். அபராதம் கட்டிவிட்டுத்தான் மேலே வந்தோம்.

மெட்ரோ படிக்கட்டுகள் நம் ஊரைவிட வேகமாக ஓடும். நாமெஸ்தி மீரு நிலையம் 53 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தைப் பார்த்தபடி சாப்பிட உட்காருவது

சதுக்கத்துத் தட்டுக்கடைகளில் பன்றித் தொடையைத் தணலில் வாட்டுவார்கள். மணம் ஆளை இழுக்கும். பலகையில் இருக்கும் விலை 100 கிராமுக்கானது. நீங்கள் அளவு சொல்லாவிட்டால் வெட்டுகிறவர் கை தாராளமாகவே வெட்டும். 'இருநூறு கிராம்' என்று முதலில் சொல்லிவிடுங்கள். உணவகத்தில் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பில்லில் விலை உண்டு. வேண்டாமென்றால் தொடாதீர்கள்.

இரண்டு தெரு தள்ளி உள்ளூர் அலுவலகக்காரர்கள் சாப்பிடும் இடத்துக்குப் போங்கள். வார நாட்களில் பதினொரு மணி முதல் இரண்டு மணிவரை வாசலில் 'போலெத்னி மெனு' என்று எழுதி வைத்திருப்பார்கள். மதியச் சாப்பாடு என்று பொருள். ஸ்வீச்கோவா கேளுங்கள்: மாட்டிறைச்சி, காய்கறிகளை அரைத்துப் பாலேடு சேர்த்த குழம்பு, பக்கத்தில் குருதிநெல்லிப் பழமும் 'க்னெட்லீக்கி' என்கிற மாவுருண்டைத் துண்டுகளும் வரும். அந்தத் துண்டால் குழம்பைத் துடைத்துச் சாப்பிட வேண்டும். இட்லியும் சாம்பாரும் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சைவக்காரர்கள் 'பெஸ் மசா', அதாவது இறைச்சியில்லாமல், என்ற இரண்டு சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் பன்றிக்கொழுப்போ எலும்புச்சாறோ இருக்கலாம்; கேட்டுவிட்டே வாங்குங்கள். பொரித்த பாலாடைக்கட்டி, 'ஸ்மஜெனி சீர்', எங்கும் கிடைக்கும். ஆனால் நான் சிபாரிசு செய்வது பழ உருண்டை. உள்ளே பிளம்ஸோ ஸ்ட்ராபெரியோ வைத்து அவித்து, மேலே உருக்கிய வெண்ணெயும் பாலாடைக்கட்டித் துருவலும் தூவித் தருவார்கள். நம் கொழுக்கட்டையின் தூரத்து உறவு போல இருக்கும். இனிப்பாக இருந்தாலும் அங்கே அது ஒரு முழு வேளைச் சாப்பாடு.

'பழைய செக் பண்டம்' என்று ட்ர்டெல்னீக் வாங்குவது

மாவைக் கம்பில் சுற்றித் தணலில் சுட்டு, சர்க்கரை தூவித் தரும் இனிப்பு அது. சாப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் அது ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பண்டம். பிராகின் பழைய பலகாரம் இல்லை.

கடிகாரத்துக்கு முன் கூடி நிற்பது

பழைய நகரச் சதுக்கத்து நகர மண்டபத்தில் இருக்கும், 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் அது. மணிக்கு ஒரு முறை எலும்புக்கூடு மணியை இழுக்கும், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் ஜன்னலில் தோன்றுவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கூட்டம் அண்ணாந்து பார்க்கும் அந்த நிமிடம்தான் பணப்பை போகும் நிமிடமும். மணி அடிக்காத நேரத்தில் போனால் சூரியன், சந்திரன், ராசி வட்டம் மூன்றையும் பக்கத்தில் நின்று நிதானமாகப் படிக்கலாம். அப்படியே நகர மண்டபத்தின் கிழக்குப் பக்கம் வந்து தரையைப் பாருங்கள். கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621இல் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியை எதிர்த்ததற்காக 27 பேரைக் கொன்ற இடம் அது. எத்தனையோ பேர் அதன் மேல் நின்றுகொண்டு படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படுகிறது.

சார்லஸ் பாலத்துக்கு மதியம் போவது

1357இல் தொடங்கிய, 516 மீட்டர் நீளப் பாலம். மதியம் போனால் மற்றவர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். காலை ஆறரைக்குப் போங்கள். வல்தாவா ஆற்றின் மேல் பனி விலகும் நேரத்தில் முப்பது சிலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நம்மவர்கள் கட்டாயம் நிற்க வேண்டிய சிலை புனித சவேரியாருடையது. 1540களில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் ஊர்களில் நடந்து திரிந்த அதே சவேரியார்தான். பிரோகோஃப் 1711இல் வடித்த சிலை. அவர் நிற்கும் பீடத்தைக் கீழ்த்திசை மனிதர்கள் தாங்கி நிற்பார்கள். இந்தியர் எப்படி இருப்பார் என்று அந்தச் சிற்பி கற்பனை செய்ததைப் பார்க்கவே போகலாம். மூலச் சிலை 1890 வெள்ளத்தில் ஆற்றில் விழுந்தது. இப்போது இருப்பது பிரதி.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

யூதர் குடியிருப்பான யோசெஃபோவின் அருங்காட்சியகங்களும் பழைய இடுகாடும் சனிக்கிழமை மூடியிருக்கும். அங்கே உள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு அவசரமில்லாத ஒரு காலை ஒதுக்குங்கள். அருகிலேயே, யான் பலாக் சதுக்கத்தில், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடம் இருக்கிறது. பிராகில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்ததும் தமிழ் கற்பித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு அவர் நாட்டை விட்டுப் போனார்.

கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்துக்கு ஞாயிறு காலையில் போகாதீர்கள். வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியம்தான் விடுவார்கள். 1344இல் தொடங்கி 1929இல் முடிந்த கட்டடம் அது. கோட்டை வளாகத்துக்குள் நுழைய டிக்கெட் தேவையில்லை, உள்கட்டடங்களுக்கு மட்டும்தான். இது தெரியாமல் வரிசையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள்.

சக்கரப் பெட்டி

பழைய நகரம் முழுவதும் கருங்கல் பாவிய தெரு. பெரிய பெட்டியை ரயில் நிலையத்திலேயே வைத்துவிடுங்கள்.

மிச்சக் கொருனாவைத் திரும்ப மாற்றுவது

நாணயங்களை மாற்றித் தர மாட்டார்கள். நோட்டைத் திரும்ப மாற்றினால் இம்முறை பலகையின் மறுபத்தியில் அடி விழும். கடைசி நாள் காலையிலிருந்தே கையிருப்பை எண்ணிச் செலவழித்து, மிச்சத்துக்கு ரயில் நிலையத்தில் கசகசா வைத்த கொலாச் என்கிற இனிப்பு ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். டிரெஸ்டன் வந்து சேரும்வரை மெத்தென்றே இருக்கும்.