சுடுதண்ணீர் எப்போது ஆறும்? கணக்குப் போட்டுச் சொல்லலாம்

85 டிகிரியில் இருந்த தண்ணீர் 10 நிமிடத்தில் 70-க்கு இறங்கிவிட்டது. அடுத்த 10 நிமிடத்தில் 55-க்கு வந்துவிடுமா? அறை வெப்பநிலை 30 என்றால் 59-தான் வரும். 1701-ல் நியூட்டன் (பெயர் போடாமல்) வெளியிட்ட குளிர்வு விதிப்படி, ஆறும் வேகம் அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதைப் பொறுத்தது. அடுக்குக்குறிப்படி (சம நேரத்துக்குச் சம விகிதத்தில்) தேய்வது அந்த வித்தியாசம்தான், வெப்பநிலை அல்ல.

200 மில்லி வெந்நீர், மூடி போட்ட டம்ளர், சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, 42-ஐ ஒட்டி நின்றுவிடும்.

முதலில் அறை வெப்பநிலையை, டம்ளரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி அளந்துகொள்ளுங்கள். ஃபேன் ஓடினால் கடைசிவரை ஓடட்டும். வெந்நீரை ஊற்றியதும் டம்ளர் சூட்டை உறிஞ்சும், அதனால் 2 நிமிடம் கழித்தே கடிகாரத்தைத் தொடங்குங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 40 நிமிடம்வரை குறியுங்கள். தெர்மாமீட்டர் நுனி அடியைத் தொடக்கூடாது.

இனி கணக்கு:

வித்தியாசம் = தொடக்க வித்தியாசம் × 2.718^(−க × நிமிடம்)

'க' என்பது உங்கள் டம்ளருக்கே உரிய மாறிலி. மேலே சொன்ன உதாரணத்தில் தொடக்க வித்தியாசம் 85 − 30 = 55; 10 நிமிடத்தில் 40. 55-ஐ 40-ஆல் வகுத்தால் 1.375. அதன் இயல் மடக்கை (2.718-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது) 0.318; பத்து நிமிடத்துக்கு என்பதால் பத்தால் வகுக்க, க = 0.0318. இதற்குக் கால்குலேட்டரில் 'எல்என்' (ln) பொத்தானை அழுத்துங்கள். 'லாக்' பத்தடிமான மடக்கை. அதைப் போட்டால் விடை 2.3 மடங்கு குறைந்துவிடும்.

குடிக்கத் தோதாக 50 டிகிரிக்கு எப்போது வரும்? வித்தியாசம் 20 ஆக வேண்டும். 55 ÷ 20 = 2.75, இயல் மடக்கை 1.012, அதை 0.0318-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 32 நிமிடம். 0.693-ஐ 'க'-வால் வகுத்தால் வித்தியாசம் பாதியாகும் நேரம்: இங்கே 22 நிமிடம்.

இரண்டே அளவை நம்பாதீர்கள். எல்லா வித்தியாசங்களுக்கும் இயல் மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். நேர்கோடு வந்தால் சரி. அதன் சரிவுதான் 'க' (குறி மட்டும் எதிர்மறையாக இருக்கும்). தொடக்கத்தில் மட்டும் செங்குத்தாக இறங்கினால் மூடி சரியில்லை, ஆவியும் சூட்டைக் கொண்டுபோகிறது. வால்பகுதி படுத்துக்கொண்டால் அறை வெப்பநிலையைக் குறைத்து எடுத்துவிட்டீர்கள். சட்டென்று கீழே விழுந்தால் கூட்டி எடுத்திருக்கிறீர்கள். வித்தியாசம் 5 டிகிரிக்குக் கீழே போனபின் வரும் அளவுகளைத் தள்ளிவிடுவதே நல்லது. அங்கே அரை டிகிரிப் பிழையே பத்து சதவீதம்.

வேகவைத்த உருளைக்கிழங்கில் செய்து பார்ப்பதானால் ஒரு சிக்கல்: தோல் ஆறினாலும் உள்ளே சூடு நிற்கும். நடுவில் குத்திய தெர்மாமீட்டர் முதல் சில நிமிடம் அசையவே அசையாது. அந்த அளவுகளை விட்டுவிட்டு, கோடு நேராகும் இடத்திலிருந்து 'க' எடுங்கள்.