பழைய கொரோலாவில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை இனங்காணுதல்

கல்லடியில் உப்புக்காற்றில் நிற்கும் எனது கேஇ 70 கொரோலாவின் பொனற்றுக்குள் ஓடும் மெல்லிய ரப்பர் குழாய்களைக் கண்டு அஞ்சி, அவற்றை வெட்டியெறியவே முதலில் எண்ணினேன். பழுதை உறுதிசெய்யாமல் எதையும் கழற்றாதீர்கள்.

எஞ்சின் குறியீடு 4கே-யூ என்றிருந்தால், அது ஜப்பானின் புகைச் சட்டத்துக்கமையச் செய்யப்பட்டது. ஒவ்வொரு குழாய்க்கும் மாஸ்கிங் டேப்பில் இலக்கமிட்டு, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் ஒலிக்க வேண்டும். பெற்றோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கறுப்புக் கரிக்குடுவையைத் துரு தின்றிருக்கிறதா எனப் பாருங்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை விற்கப்பட்டதால், அதற்கு முன் ஓடிய வாகனத்தில், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரை நம்ப வேண்டாம்; ஈயம் அதைக் கெடுத்துவிடும்.

என்னைத் தடுமாறச் செய்தது, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும், தட்டையான தொப்பி போன்ற இ.ஜி.ஆர். வால்வு. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கி அதன் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உறிஞ்சல் சிறிதும் இல்லாததால், வால்வு கெட்டதென முடிவுசெய்து வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே நிலைதான். அந்தக் குழாய், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்வழியில் பொருத்தப்பட்ட வெப்ப சுவிட்சினூடாகச் செல்கிறது. நீர் சூடாகும்வரை அது திறவாது. அத்துடன் குழாய் காபரேட்டரில் தொடங்கும் துளை திறொட்டில் தகட்டுக்கு மேலே இருப்பதால், எஞ்சின் சும்மா ஓடும்போதும் உறிஞ்சல் வராது. ஆகவே எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அக்சிலேற்றரைச் சற்று அழுத்தியே சோதிக்க வேண்டும்.

வால்வைச் சோதிக்க வாயால் உறிஞ்சுவதைவிட, மானி பொருத்திய கை வக்யூம் பம்பையே நான் விரும்புகிறேன். எஞ்சின் சும்மா ஓடும்போது வால்வுக்கு வக்யூம் கொடுத்தால் எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறாமல் மானிமுள்ளும் இறங்கினால் உள்ளே சவ்வு கிழிந்துள்ளது; தடுமாறாமல் முள் அசையாது நின்றால் கரியால் புகைவழி அடைபட்டோ வால்வு இறுகியோ இருக்கலாம்.

வருவாய் அனுமதிப்பத்திரத்துக்கான பரிசோதனையில் பெற்றோல் வாகனத்துக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனுமே அளக்கப்படுவதால், நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கும் இந்த வால்வை அடைத்துவிடுமாறு பலர் அறிவுறுத்துவர். அவ்வாறு அடைத்தால், பாரமேற்றி ஓடும்போது எஞ்சினில் தட்டலோசை எழக்கூடும்.

பின்சேர்க்கை: முள் அசையவில்லை, இனி என்ன செய்வதென்று கல்முனை நண்பர் கேட்டார். வால்வைக் கழற்றி, கரி உள்ளே விழாதவாறு துணியால் துளையை அடைத்துச் சுரண்டுங்கள். முடிந்ததும் துணியை மறவாது எடுத்துவிட்டு, புதிய கஸ்கெற் போட்டு மூடுங்கள்.