கொலைக்கு முன் ஆட்கள்: எலிசபெத் ஜார்ஜ் முறையில் துப்பறியும் நாவல்

எலிசபெத் ஜார்ஜ் கலிஃபோர்னியாவில் பள்ளி ஆங்கில ஆசிரியராக இருந்த அமெரிக்கர். ஆனால் 1988இல் வந்த முதல் நாவல் தொடங்கி, அவருடைய இன்ஸ்பெக்டர் லின்லி துப்பறிவது இங்கிலாந்தில். எழுத்துப் பயிற்சி வகுப்புகளும் நடத்திய அவர், தன் முறையை 2004இல் ‘ரைட் அவே’ என்ற நூலில் விளக்கினார். கதைப்பின்னலை யோசிக்கும் முன்பே கதைமாந்தரை முழுதாக அறிந்துவிடுவதுதான் அதன் உயிர்.

கொன்றது யார், செத்தது யார், ஏன். இந்த மூன்றும் தெரிந்தால் தொடங்கலாம். அடுத்து, தேவைப்படும் ஆட்களை உறவு, தொழிலைக் கொண்டு மட்டும் பட்டியலிடுங்கள்: செத்தவரின் அக்கா, வீட்டு உரிமையாளர், கடைசியாகப் பார்த்தவர். அதன்பிறகே பெயர். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்கள் வேண்டாம். சந்தேக நபர்களை வாசகர் குழப்பிக்கொள்வார்.

இனி வருவதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு மூன்று பக்கம், நிகழ்காலத்தில், திருத்தாமல் எழுதுங்கள். இவருக்கு அடிப்படையில் என்ன வேண்டும்? அது கிடைக்காவிட்டால் என்ன செய்வார்? மதிப்புக்கு ஏங்கும் ஒருவர், அது போய்விடுமென்ற பயத்தில் போலீஸிடம் பொய் சொல்வார். கொலைக்குச் சம்பந்தமில்லாத அந்தப் பொய்தான் வாசகரைத் திசைதிருப்பும். இந்தப் பக்கங்கள் இல்லையென்றால், நாவலின் நடுவில் சாட்சிகள் காரணமே இல்லாமல் உண்மையை மறைப்பார்கள். முடிவில் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

பிறகு காட்சிகளை வரிசைப்படுத்துங்கள். முழு நாவலுக்கும் வேண்டாம், பத்துப் பதினைந்து போதும். ஒரு காட்சி முந்தையதன் விளைவாக வர வேண்டும். வெறுமனே அடுத்த நாள் நடந்தது என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது.

துப்பறியும் நாவலில் விசாரணைகள் அதிகம். இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் பக்கம் நகராது. ஆகவே பேச்சோடு ஒரு செயலையும் வைக்கச் சொல்கிறார் ஜார்ஜ். டீ குடிப்பது பயனில்லை, யாரும் குடிப்பார்கள். தம்பியின் சட்டைகளை அக்கா கேள்விகளுக்கிடையே மூட்டை கட்டுகிறாள் என்றால், அவள் வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடும்.

ஜார்ஜின் கணக்கு நாளுக்கு ஐந்து பக்கம். முதல் வரைவு முடிந்ததும் பேனாவைத் தொடாமல் வேகமாகப் படித்து, குறைகளை உங்களுக்கே கடிதமாக எழுதுங்கள். திருத்தியபின், கதை எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். யாரை எந்தப் பக்கத்தில் சந்தேகித்தார், எங்கே சலித்தது போன்ற கேள்விகளை உறையிலிட்டு ஒட்டி, படித்து முடித்தபின் பிரிக்கச் சொல்லித் தாருங்கள். முன்பே தெரிந்தால் அவர் வாசகராக இல்லாமல் துப்புத் தேடுபவராகிவிடுவார்.

கொலையாளியை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டால் ஆளை மாற்றாதீர்கள், அடித்தளமே ஆடிவிடும். இன்னொருவரின் நோக்கத்தை வலுப்படுத்துங்கள். அதற்கான சரக்கு அந்தக் கதைமாந்தரைப் பற்றி முதலில் எழுதிய பக்கங்களில் கிடைக்கும்.