நிலத்துக்கு எழுதிய பவர் ஐசியூவில் உதவாது: வைத்திய முடிவுக்கு ஆள் நியமிக்கும்போது நடக்கும் தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நினைவு தப்பிவிட்டது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். "யார் கையெழுத்துப் போடறீங்க?" என்று கேட்டதும் அண்ணன் மஞ்சப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். "அப்பா எனக்குப் பவர் குடுத்திருக்கார் டாக்டர்." டாக்டர் புரட்டிப் பார்த்தார். நெல்லிக்குப்பம் பக்கத்து நஞ்சை, சர்வே எண், நான்கு எல்லை, விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம். "இதுல வைத்தியத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியம்மா ஒன்று சொன்னார், சென்னையிலிருந்து அக்கா போனில் வேறொன்று சொன்னாள். பதினொரு நாள் வென்டிலேட்டரில் போனது. பெரியப்பா என்ன விரும்பியிருப்பார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பத்திரத்தில் வைத்தியம் பற்றி ஒரு வரி இருந்திருந்தாலும் பயன் சந்தேகம்தான் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். நமக்குத் தேவைப்படுகிற நேரத்தில்தான் அது செல்லாமல் போகிறது. ஆகவே பத்திரம் எழுதுகிறவரிடம் போய் "பவர் எழுதணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது 'லிவிங் வில்'. இயந்திரங்களின் துணையோடு உயிரை நீட்டிப்பது பற்றிய நம் விருப்பத்தையும், நமக்கு நினைவு இல்லாதபோது அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம் அது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை அங்கீகரித்தது.

அந்தத் தீர்ப்பில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது. அதைக் கேட்டே பலர் பின்வாங்கினார்கள், இன்றும் சிலர் அதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். 2023 ஜனவரி 24 அன்று அந்த விதி மாறிவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரியின் சான்று வாங்கினால் போதும். எழுதுகிறவருக்குப் பதினெட்டு வயது நிறைந்து, நல்ல மனநிலையில், யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியிருக்க வேண்டும். அதனால் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தாளை மட்டும் நோட்டரியிடம் எடுத்துப்போவது தவறு. சாட்சிகளும் சொத்தில் பங்கு வரப்போகிறவர்களாக இல்லாமல், வெளியாட்களாக இருப்பது நல்லது.

பெரும்பாலோர் சறுக்குவது வாசகத்தில்தான். "கடைசிக் காலத்தில் என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். எது கஷ்டம்? டயாலிசிஸா, மூக்கு வழியே குழாயா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதா? வாசகம் தெளிவாக இல்லை என்றால் மருத்துவக் குழு அதை ஏற்காமல் விடலாம். பெரியப்பா போன பிறகு நான் என் அம்மாவோடு இதற்காகவே உட்கார்ந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னது: "குழாயில கஞ்சி ஊத்தறதெல்லாம் வேணாம்டி. ஆனா திரும்பப் பேசுவேன்னு டாக்டர் சொன்னா பத்து நாள் பாரு. வலிக்கு மட்டும் மருந்து குடுத்துடணும்." அந்த மூன்று வாக்கியங்களை எந்த வக்கீலும் நமக்கு எழுதித் தர முடியாது. அதைத்தான் திருத்தமான தமிழில் எழுதி, மருந்துகளின், சிகிச்சைகளின் பெயரை எங்கள் குடும்ப டாக்டரைக் கேட்டுச் சேர்த்தோம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மூத்த மகன் என்ற மரியாதை குறுக்கே வரும். அவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கக்கூடியவர், அழுதாலும் நீங்கள் சொன்னதை மாற்றாமல் சொல்லக்கூடியவர்தான் வேண்டும். 2023-க்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் நியமிக்கலாம், யார் முதல், யார் அடுத்து என்று எழுதிவிடுங்கள். நியமித்ததை மற்றப் பிள்ளைகளுக்கும் நேரில் சொல்லிவிடுங்கள். ஐசியூ வாசலில்தான் அவர்களுக்குத் தெரியவந்தால் அது சண்டையில்தான் முடியும்.

நியமித்துவிட்டதாலேயே எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து செல்லும் என்றும் எண்ண வேண்டாம். நீங்கள் தெளிவாக இருக்கும்வரை சம்மதம் உங்களுடையதுதான். மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்கு, தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாம் என்ற நிலையில், அவருடைய தாயின் சம்மதத்தை வாங்கிக் கருப்பையை எடுத்தது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனநல சிகிச்சைக்கு வழி வேறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தனியாகப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள், அந்நாட்டு முறைப்படி எழுதிய தாளே இங்கும் போதும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். இங்கே சிகிச்சை பெறுகிறவர்கள் இங்குள்ள முறைப்படியும் ஒன்று எழுதி வையுங்கள்.

எழுதியதை பீரோவில் நகையோடு பூட்டுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சாவி உங்கள் இடுப்பில், நீங்கள் ஐசியூவில்! நியமித்தவருக்கு ஒரு நகல், குடும்ப டாக்டருக்கு ஒரு நகல், உள்ளாட்சிக்கு ஒரு நகல். கடலூரில் மாநகராட்சி, புதுச்சேரியில் உங்கள் நகராட்சியோ கொம்யூன் பஞ்சாயத்தோ. கவுன்ட்டரில் இருப்பவர் புரியாமல் விழித்தால் கோபப்படாமல் ஒரு மனுவோடு இணைத்துக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிவிடுங்கள்.

தாளைக் காட்டியதும் மறுநிமிடம் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் பலருக்கு உண்டு. குணமாகும் நம்பிக்கையே இல்லாத நோயில், நீங்களே முடிவெடுக்க முடியாத நிலையில்தான் அது நடைமுறைக்கு வரும். சிகிச்சை தரும் டாக்டரோடு இரண்டு நிபுணர்கள் கொண்ட குழு, கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதன்பின் இரண்டாவது குழுவும் பார்க்கும். நீங்கள் நியமித்தவரின் சம்மதமும் வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகும். குழு மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதுதான்.

மனது மாறினால் மாற்றலாம். ஆனால் வாயால் சொன்னால் போதாது, முதலில் எழுதிய அதே முறைப்படி எழுத வேண்டும். போன தை மாதம் அம்மா, "பத்து நாள் அதிகம், ஏழு போதும்" என்றார். மறுபடி நோட்டரியிடம் போனோம். பழைய நகல்களை டாக்டரிடமும் தம்பியிடமும் கேட்டு வாங்கி, அம்மாவே தன் கையால் கிழித்தார். புதியது மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, அதன் படம் எங்கள் மூவர் போனிலும்.