பருவின் மேல் பொட்டு வைக்காதீர்கள்: முகப்பரு ஜெல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர் எழுதிக்கொடுத்த முகப்பரு ஜெல்லை வாங்கிப் போகிறவர்களில் பலர், வலிக்கிற இடத்தில் தைலம் தடவுவதைப்போல, பரு தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து அந்தப் பரு போயிருக்கும். பக்கத்தில் இரண்டு புதிதாக வந்திருக்கும். "அண்ணா, இந்த மருந்து சரியில்லை, வேறு ஏதாவது கொடுங்கள்" என்று கடைக்கு வருவார்கள். வேலூரில் மருந்துக் கடையில் நிற்கிறவன் என்பதால் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். மருந்து சரியாகத்தான் இருக்கிறது. அது எதற்கு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்று கன்னத்தில் சிவந்து நிற்கிற பரு நேற்று முளைத்தது அல்ல. மயிர்க்கால் துளையில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அடைத்துக்கொண்டது பல வாரங்களுக்கு முன்பு. அந்த அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் குயூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடல் அதை எதிர்க்கத் தொடங்கும்போதுதான் சிவப்பும் வீக்கமும் சீழும் வெளியே தெரிகின்றன. அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) ஜெல்கள் முக்கியமாகத் தடுப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத அடைப்பைத்தான். அதாவது, நீங்கள் தடவுவது இன்றைய பருவுக்காக அல்ல, அடுத்த மாதம் வரவிருக்கிற பருவுக்காக. இது புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும்.

ஆகவே, பரு வருகிற பகுதி முழுவதும் தடவ வேண்டும். முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பச்சைப் பட்டாணி அளவு போதும். அதை விரல் நுனியில் எடுத்து, நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து இடத்தில் தொட்டுவைத்து, மெல்லியதாகப் பரப்புங்கள். கண்ணிமை, உதட்டு ஓரம், மூக்குத் துளையின் மடிப்பு ஆகிய இடங்களை விட்டுவிட வேண்டும். அங்கே தோல் மெல்லியது. முதலில் வெடிப்பது அங்கேதான். 15 கிராம் டியூப் ஒன்று ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பத்தே நாளில் தீர்ந்துவிட்டது என்று யாராவது வந்தால், முகத்தைப் பார்க்காமலே கேட்டுவிடலாம், எரிகிறதா என்று.

முகம் கழுவிய ஈரத்தோடு தடவுவது அடுத்த தவறு. ஈரத் தோல் மருந்தை வேகமாக உள்ளிழுக்கும், எரிச்சலும் அதே வேகத்தில் வரும். கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, இருபது நிமிடம் சும்மா விட்டுவிட்டுத் தடவுங்கள். ஒற்றி எடுக்கச் சொன்னேன், துடைக்க அல்ல. எங்கள் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, நுரை வரட்டும் என்று மேலும் மேலும் தேய்ப்பார்கள். அப்படித் தேய்த்த முகத்தில் அடாபலீன் தடவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மென்மையான ஃபேஸ் வாஷ், ஒரு நாளைக்கு இரண்டு முறை, அவ்வளவுதான். பயத்தம் மாவு, கடலை மாவு, வால்நட் ஸ்கிரப் எல்லாவற்றுக்கும் இந்த மாதங்களில் விடுப்பு கொடுங்கள்.

முதல் நாளிலிருந்தே தினமும் தடவியாக வேண்டும் என்பதில்லை. எரிச்சல் தாங்காத தோலுக்கு முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவச் சொல்வது வழக்கம். அதற்கும் தாங்கவில்லை என்றால் மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் ஜெல்லைத் தடவலாம். மாய்ஸ்சரைசர் போட்டால் முகத்தில் எண்ணெய் வழியும் என்று பையன்கள் அதைத் தொடவே மாட்டார்கள். எண்ணெய்ப் பசை சேர்க்காத, துளையை அடைக்காத வகைகள் கிடைக்கின்றன. மருந்துச் சீட்டில் அதுவும் எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்காக எழுதியது அல்ல. வாங்குங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோல் காய்ந்து செதில் உதிரும். சிலருக்குப் பரு சற்றுக் கூடியதுபோலவும் தெரியும். பெரும்பாலானோர் மருந்தை நிறுத்துவது சரியாக இந்த நேரத்தில்தான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று மாதம் என்றால் நம் ஆட்களுக்கு மூன்று யுகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது. இருக்கிற ஒரே குறுக்குவழியைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அது பள்ளத்தில் கொண்டுபோய் விடுகிற வழி.

அவசரம் ஏன் ஆபத்து என்பதற்கு நம் தோலிலேயே காரணம் இருக்கிறது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எந்த அழற்சி வந்தாலும் அது போகும்போது கரும்புள்ளியை விட்டுவிட்டுப் போகக்கூடும். பரு விட்டுப்போகிற கறை மட்டுமல்ல, ஜெல்லை அதிகமாகத் தடவி முகத்தைப் புண்ணாக்கினாலும் அந்தக் கறை வரும். பரு இருந்ததோ நாலு இடத்தில். மருந்து பட்டுக் கறுத்ததோ கன்னம் முழுவதும். அந்தக் கறுப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும். பருவைக் கிள்ளுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இதோடு வேலூர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது. ரெட்டினாய்டு தடவுகிற தோல் வெயிலில் எளிதில் சிவக்கும், எரியும், பிறகு கறுக்கும். அதனால்தான் ஜெல் இரவுக்கு உரியது; டிரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதையவும் செய்யும். பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம். காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வண்டியில் வருகிறவர்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வது வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் வியர்வையில் நனைந்த அதே துணி நாள் முழுவதும் தாடையில் உரசினால் அந்த வரிசையிலேயே பரு வரும். தினமும் துவைத்த துணியைக் கட்டுங்கள். ஹெல்மெட்டின் தாடை வாருக்கும் உள் மெத்தைக்கும் இதே விதிதான். அந்த மெத்தையைத் துவைத்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி அந்தக் குறுக்குவழி. நாட்டின் மறுகோடியிலிருந்து ரயிலேறி சிஎம்சிக்கு (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வைத்தியம் பார்க்க வருகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களோ அது இருக்கிற ஐடா ஸ்கட்டர் சாலையைத் தினமும் கடந்துபோய்விட்டு, பருவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கிரீமை வாங்குகிறார்கள். அந்த அக்காவுக்கு அதை யாரோ மங்குக்கு, அதாவது முகத்தில் படர்கிற கருமைக்கு, கொடுத்திருப்பார்கள். அதற்குள் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்குகிற மருந்து, இருக்கும். தடவிய மூன்றாம் நாள் சிவப்பு அடங்கி, முகம் வெளுத்து, பளபளக்கும். ஊரே கேட்கும், என்ன போடுகிறாய் என்று. இரண்டு, மூன்று மாதத்தில் தோல் மெலிந்து, மெல்லிய இரத்த நாளங்கள் வெளியே தெரியும். கன்னத்தில் பூனைமுடி அடர்ந்து வளரும். ஒரே அளவுப் பொரிகள் கொத்தாக வரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், அதற்குப் பயந்து மறுபடியும் தடவுவார்கள். இந்தச் சுழலிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவருவது பருவைக் குணப்படுத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. இருந்தும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி: டியூப்பின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், புளுவோசினோலோன், இவற்றில் எது இருந்தாலும் அது முகப்பரு மருந்து அல்ல. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கிற கலவை. சிவப்பழகு கிரீம் என்று அதைத் தடவிக்கொண்டே, கூடவே பரு ஜெல்லையும் தடவுகிறவர்கள் இரட்டை ரெட்டினாய்டு போடுகிறார்கள் என்பதையே அறிவதில்லை. ஏற்கெனவே பல மாதமாகத் தடவியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிய வேண்டாம். எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும்.

ஜெல்களுக்குள்ளும் வகை உண்டு. கிளிண்டாமைசின் ஓர் ஆன்டிபயாடிக். அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் தடவினால் பாக்டீரியாவுக்கு அது பழகிவிடும், பிறகு வேலை செய்யாது. அதனால்தான் மருத்துவர்கள் அதோடு பென்சாயில் பெராக்சைடையோ ரெட்டினாய்டையோ சேர்த்து எழுதுகிறார்கள். சீட்டில் இரண்டு இருக்கும், காசுக்கு ஏற்ப ஒன்றை மட்டும் வாங்கிப் போவார்கள். எரியாதது கிளிண்டாமைசின் என்பதால் அதையே தொடர்வார்கள். பென்சாயில் பெராக்சைடுக்குப் பாக்டீரியா பழகுவதில்லை. ஆனால் அது துணியின் சாயத்தை வெளுக்கும். பச்சைத் தலையணை உறையில் காலையில் மஞ்சள் வட்டம் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது உங்கள் கன்னம் பதிந்த இடம். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். 2.5 சதவீதமே நன்றாக வேலை செய்யும். சதவீதம் ஏற ஏற எரிச்சல்தான் ஏறும். இதையும் டிரெட்டினாயினையும் ஒரே வேளையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் டிரெட்டினாயின் வீணாகலாம். அடாபலீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் கலந்த ஜெல்லே விற்கிறது.

கல்யாண வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் என்றால் ஆடி பிறந்த பிறகுதான் பெண்ணின் முகம் வீட்டாரின் நினைவுக்கு வரும். தாலி கட்ட மூன்று வாரம் இருக்கும்போது ஜெல்லைத் தொடங்கினால், செதில் உதிர்கிற நாளும் புகைப்படக்காரர் வருகிற நாளும் ஒன்றாக வந்து நிற்கும். சித்திரையிலேயே மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, ரெட்டினாய்டு தடவுகிற முகத்தில் வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் உரிந்து வரும். மேலுதட்டுக்கு நூல் போடுவதும் புண்ணாக்கலாம். எந்தத் தேதியில் என்ன செய்யப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் சொல்லி, அதற்கு ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்திக்கொள்ளுங்கள். பிளீச் வேண்டவே வேண்டாம். அழகு நிலையத்தில் உட்கார்ந்ததும் "ஜெல் போடுகிறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

கல்யாணம் முடிந்ததும் இன்னொரு கேள்வி வருகிறது, அதைக் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போது அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு ஜெல்கள் தடவக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து எழுதித் தருவார். நாள் தள்ளிப்போனால் ஜெல்லை அன்றே நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். ஐசோடிரெட்டினாயின் மாத்திரை இதைவிடப் பல மடங்கு கண்டிப்பானது. கருவை நேரடியாகப் பாதிக்கும். அதை யாருடைய டப்பாவிலிருந்தும் கடன் வாங்கி விழுங்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் சண்டை போட வேண்டியது ஒன்றுதான், தலைக்கு எண்ணெய். வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் நெற்றியில் வரிசையாகப் பொரி வரும். ஜெல் ஒரு பக்கம் திறக்க, எண்ணெய் மறுபக்கம் அடைக்கும். முடியின் நுனிக்கு வையுங்கள், காலையில் அலசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் உரைத்துத் தேய்ப்பதைக் கழுத்துக்குக் கீழே நிறுத்திக்கொள்ளலாம். ஆம்பூர் பிரியாணியைப் பழி சொல்கிறவர்களுக்கு: பருவுக்கும் உணவுக்கும் ஓரளவு தொடர்பு காணப்படுவது சர்க்கரை அதிகமான பண்டங்களிலும், பாலிலும், உடற்பயிற்சிக் கூடப் பையன்கள் குடிக்கிற வே புரோட்டீன் பொடியிலும்தான். பிரியாணியை விடுங்கள், அதோடு குடிக்கிற கலர் பாட்டிலைப் பாருங்கள்.

டியூப்பை ஸ்கூட்டர் டிக்கியிலோ மேற்கு பார்த்த ஜன்னலிலோ வைக்காதீர்கள். அட்டையில் எத்தனை டிகிரிக்குக் கீழே என்று அச்சிட்டிருக்கும். மே மாத டிக்கி அதைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும்.

முகம் தெளிந்தவுடன் நிறுத்திவிடுவதும் தவறுதான். அடைப்பு உருவாவது நிற்கவில்லை, ஜெல் அதைத் தடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. ஆன்டிபயாடிக்கை மூன்று மாத அளவில் நிறுத்தச் சொல்லும் மருத்துவர், ரெட்டினாய்டைத் தொடரச் சொல்வது இதனால்தான்.

இமை வீங்கினாலோ, கொப்புளம் வந்து நீர் கசிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உள்ளே கட்டியாக, தொட்டால் வலிக்கிற பரு தழும்பாகும். அதற்கு ஜெல் மட்டும் போதாது. நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கிற பொரிகள் வியர்வைக் காலத்தில் வந்தால், அது பருவாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். மாதவிலக்கு தவறித் தவறி வந்து, தாடையில் முடியும் வளர்ந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஹார்மோன் சோதனை தேவைப்படலாம். சிஎம்சியோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தெருமுனைத் தோல் மருத்துவரோ, எங்கே போனாலும் இதுவரை முகத்தில் தடவிய எல்லா டியூப்பையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததையும்.