கடலில் சுழியோடிய அன்றே மலையேறாதீர்கள்

கொழும்பில் சுழியோடிக் குழுக்களோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பக்கத்துக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காலையில் படகேறி, மூழ்கிய கப்பல் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைக்குத் திரும்பிவிடலாம். சரி, அரைநாள் மிச்சம் இருக்கிறதே என்று நுவரெலியாவுக்கு வான் பிடித்துவிடாதீர்கள்!

ஆழத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைந்து நிற்கும். மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறினால், காற்றழுத்தம் குறைந்து, மூடி திறந்த சோடாப் போத்தல் போல உள்ளே குமிழிகள் கிளம்பலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், சிலருக்குக் கை கால் செயலிழப்பது வரை போகும்.

விமானப் பயணத்துக்குச் சொல்லும் கணக்கு இது: கடலில் ஒருமுறை மட்டும் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். மலைப் பயணத்துக்கும் நான் அதையே பிடித்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் ஆசையா? சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை கடல் என்று மாற்றிப் போடுங்கள்.

அப்புறம், கடலில் இறங்கிய அன்று கை கால் மரத்துப்போனால் தூங்கிப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கடலில் சுழியோடியதை முதலில் சொல்லுங்கள்.